சப்பரப் பாட்டுக்குப் பின்னால் ஒரு சண்டை

கடலுக்குள் போன தெருவை அரசு மேட்டில் புதிதாகக் கட்டி முடித்திருந்தது. முன்பு அண்டை வீட்டார் என்று நிரூபித்தால்தான் புதுத் தெருவிலும் அடுத்தடுத்த வீடு கிடைக்கும். பழைய தெருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரிகளான லூர்தம்மாளிடமும் பிலவேந்திரியிடமும் ஒரு காகிதம்கூட மிஞ்சவில்லை. பிலவேந்திரி வேறு மூலைக்குப் போய்விட்டால் பொழுது எப்படிப் போகும் என்று லூர்தம்மாளுக்குக் கவலை.

மிச்சமிருந்தது இணையப் பண்பாட்டுக் காப்பகம் மட்டும்தான். நீங்கள் பேசினால் போதும், பழைய ஒலிப்பதிவுகளில் உங்கள் குரல் எங்கே ஒளிந்திருந்தாலும் எடுத்துக் கொடுத்துவிடும். இருவரும் அதிகாரியின் மேசை முன் நின்று அடக்கமாகத் தங்கள் பெயரைச் சொன்னார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

"சத்தமாச் சொல்லேன்ட்டி, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று சீறினாள் லூர்தம்மாள்.

"ஒங்க வாய்க்கு முன்னால எவ வாய் எடுபடும், மைனி?"

உடனே காப்பகத்திலிருந்து ஒரு பதிவு ஒலித்தது. முப்பது வருடத்துக்கு முன் கோயில் திருவிழா ஊர்வலத்தில் பாடிய சப்பரப் பாட்டு. பாட்டுக்குப் பின்னால் இரண்டு பெண்கள்.

"ஏட்டி, ஒன் வீட்டுத் தண்ணி ஏன் என் வாசலுக்கு வருது?"

"ஒங்க வாசல் பள்ளம், மைனி! அதுக்கு நான் என்ன செய்ய?"

அதற்குள் பேண்டு சத்தம் எல்லாவற்றையும் மூடிவிட்டது. அதிகாரி சிரித்துக்கொண்டே அடுத்தடுத்த வீடுகளின் சாவிகளை நீட்டினார். லூர்தம்மாள் அதைக் கவனிக்கவே இல்லை.

"இன்னொருக்கா போடுங்க சார். இவளுக்கு நான் என்ன பதில் சொன்னேன்னு காதுல விழல."