மேடம் சொன்ன யோசனை

“சும்மா உக்காராதேன்னு எத்தனை தடவை சொல்றது? வேலை இல்லேன்னா வேலையைத் தேடிக்கணும்!” போனில் யாரையோ வறுத்தெடுத்துவிட்டு மேனேஜரம்மா நிமிர்ந்தார். எதிரில் அவருடைய உதவியாளப் பெண் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“மேடம், பையனுக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குதாம். ஸ்கூல்ல இருந்து கூப்பிட்டாங்க. அரை நாள் லீவு...”

“இன்னிக்கா?” மேனேஜரம்மாவுக்குப் பகீரென்றது. மாலையில் மேலிடத்துப் பெரியவர்கள் முன்னால் ‘வேலையிடத்தில் சமத்துவம்’ பற்றி அவர் பேச வேண்டும். பேச்சு எடுபட்டால் பதவி உயர்வு கைக்கு வந்த மாதிரிதான். பேச்சை எழுதிக் கொடுத்ததும், திரையில் படங்களை ஓட்டப்போவதும் இந்தப் பெண்.

“எனக்கும்தான் குழந்தை இருக்கு.” மேசைமேல் இருந்த பாப்பாவின் படத்தைக் காட்டினார். “அதுக்காக வீட்டை ஆபீசுக்குத் தூக்கிட்டு வர்றேனா? உனக்கு ஒத்தாசைக்கு யாருமே இல்லையா?”

“தங்கச்சி இருக்கா மேடம். ஆனா அவ வேலை பாக்கற இடத்துல லீவுன்னு வாயைத் திறந்தாலே சம்பளத்தைப் பிடிப்பாங்க. கால் வலிக்குதுன்னு உக்காந்தாக்கூட திட்டு.”

மேனேஜரம்மாவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நடிப்பில்லை, நிஜக் கோபம். அடுத்தவர் செய்யும் அநியாயத்தை அவரால் எப்போதுமே பொறுத்துக்கொள்ள முடியாது.

“மனுஷங்களா அவங்க? அங்கெல்லாம் கெஞ்சிட்டு நிக்கக் கூடாதும்மா. கேக்காமலே கிளம்பி வரச் சொல்லு. அப்பதான் அவங்களுக்குப் புத்தி வரும்.”

“வேலை போயிடுமே மேடம்?”

“போனா இங்க நான் சேத்துக்கறேன். நான் சொன்னதாவே சொல்லு, போ!”

கண் கலங்க நன்றி சொல்லிவிட்டு அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். மேனேஜரம்மா அந்தத் தங்கையின் கதையைப் பேச்சின் ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொண்டார். கைதட்டல் இப்போதே காதில் கேட்டது.

கூட்டத்துக்குக் கிளம்பும்போது வீட்டிலிருந்து போன். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி அனுப்பிய பெண்தான். குடும்பம் குட்டி உண்டா என்றுகூட அவளை யாரும் கேட்டதில்லை.

“மேடம், நான் அவசரமாக் கிளம்பறேன். பாப்பாவைப் பக்கத்து வீட்டு டீச்சர்கிட்ட விட்டிருக்கேன், உடனே வந்துடுங்க.”

“யாரைக் கேட்டுக் கிளம்பறே? வேலை போயிடும், தெரியுமா?”

“பரவாயில்ல மேடம், போனா ஆபீஸ்ல சேத்துக்கறேன்னு எங்க அக்காகிட்ட நீங்களே சொன்னீங்களாமே!”