நாலு விரல்

"என்னக்கா, நாக்கை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டாள் ஹெட்போன் மாட்டிய ஒருங்கிணைப்பாளர். அமைச்சரிடம் மக்கள் கேள்வி கேட்கும் டிவி நிகழ்ச்சியின் ஒத்திகைக்கு வந்திருந்த கூட்டம் சிரித்தது.

மைக்கைப் பிடித்தபடி நின்ற தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். அவளிடம் கொடுத்திருந்த சீட்டில் ஒரே ஒரு கேள்வி: 'புதுச் சந்தைக் கட்டடத்தை ஆறே மாதத்தில் முடித்தது யார் ஐயா?' அதில் ஒரு சொல்கூட அவள் வாயிலிருந்து வரவில்லை.

ஆனாலும் பதில் வந்துவிட்டது. ஒருங்கிணைப்பாளர் நாலு விரலைக் காட்டியிருந்தாள். திரையில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து மீசையை நீவிக்கொண்டிருந்த அமைச்சர், நாலாவது பதிலைக் கடகடவென்று ஒப்பித்து முடித்தார். குனிந்த தலைக்குக் கீழிருந்து தையல்காரியின் கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சீட்டுல இருக்கறது மட்டும்தான். வேற பேச்சு எடுத்தா மைக்கை அணைச்சிடுவோம்" என்று எச்சரித்தாள் ஒருங்கிணைப்பாளர்.

தையல்காரி தலையாட்டினாள். இந்தப் பயந்தாங்கொள்ளியால் வம்பில்லை என்று மற்றவள் அடுத்த ஆளிடம் நகர்ந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரிக்கு வந்த அனுமதிச் சீட்டில்தான் தையல்காரி உள்ளே நுழைந்திருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் பள்ளிக்கூடக் கூரை இடிந்து செத்த பதினோரு பிள்ளைகளில் ஒருத்தி அவள் மகள். அவசர அவசரமாக அதைக் கட்டித் திறந்த இதே அமைச்சர், பழியை மழைமேல் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொண்டார். அந்த வாயாலேயே ஊரறிய ஒப்புக்கொள்ள வைக்காமல் அவள் திரும்பப் போவதில்லை.

இருபது நாளாகத் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே தன் கேள்வியைச் சொல் சொல்லாக வெட்டியிருந்தாள். மைக்கை அணைக்க ஒரு கை நீளுவதற்குள் சொல்லி முடிக்கும் அளவுக்குக் கத்தரித்தாகிவிட்டது.

நேரடி ஒளிபரப்பு தொடங்கியது. மூன்று கேள்விகள் வழுக்கிக்கொண்டு போயின. நாலு விரல் உயர்ந்தது. அமைச்சர் திரையைப் பார்த்து மீசையை நீவினார்.

தையல்காரி எழுந்தாள். குரல் பிசிறவே இல்லை.

"பள்ளிக்கூடத்துல பதினோரு பிள்ளைங்க கதையை முடிச்சது யாரு ஐயா?"

அவள் மைக்கை அணைத்துவிட்டார்கள். அவருடையதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒருங்கிணைப்பாளர் இரண்டு கையையும் வீசி வீசித் தடுக்க, அமைச்சர் கேமராவைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்தார்.

"நான்தாம்மா. பக்கத்துலயே நின்னு முடிச்சு வெச்சதே நான்தான்."