மாடியில் ஊற்றும் சத்தம்

புயல்மழையில் மின்சாரம் போனதும் மாடிப் பசுமைக்குடிலில் மீன்தொட்டியின் மோட்டார் நின்றுவிட்டது. அந்தத் தண்ணீர்தான் குழாயில் ஏறிக் கீரைக்கும் தக்காளிக்கும் உரமாகும். திரும்ப விழும்போது மீன்களுக்குக் காற்றைக் கொண்டுவரும். கோடையில் பச்சை வலை கட்டியும், ஆடிக்காற்றில் கிழிந்த கூரையை ஒட்டியும் காப்பாற்றியவற்றை இன்று விட மனமில்லை குமரவேலுக்கு. காலையிலிருந்து சொம்பால் மொண்டு மொண்டு, உயரத் தூக்கித் தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருந்தான். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"காப்பி ஆத்துற மாதிரியே இருக்கு," என்றாள் மனைவி பூங்கோதை. "எதிர்வீட்டுக்குக் கரண்ட் வந்துடுச்சு. நமக்கு வேற லைனாம்."

"என் கை நின்னா அதுங்க மூச்சும் நின்னுடும்டி."

"சொம்பை இப்படிக் குடுங்க. நான் ஊத்தறேன், கீழ போய் ரெண்டு வாய் சாப்ட்டு வாங்க."

சோற்றின் முன் உட்கார்ந்தும் அவன் காது மாடியிலேயே இருந்தது. சளப், சளப் என்று தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அந்தத் தைரியத்தில் ஒரு கவளம் உருட்டினான். வாய்க்குக் கொண்டுபோகும்போது சத்தம் நின்றது. கரண்ட் வந்திருக்கும், அதான் நிறுத்திவிட்டாள் என்று நிமிர்ந்து பார்த்தான். சுவிட்சு போட்டபடியே இருந்த மின்விசிறி அசையவில்லை.