மேஸ்திரி பிடித்த நூல்

மறுநாள் அக்கா தமயந்திக்கு மாநிலத் துப்பாக்கிச் சுடும் போட்டி. ஏர் ரைஃபிளில் மாட்டிய புது ஸ்கோப்புக்குள் தெரிகிற சிலுவைக்கோடு இம்மி சாய்ந்தாலும் குறி தப்பும். அதை நிமிர்த்த, நேரான பொருள் ஒன்றைப் பார்த்துத் திருக வேண்டும். எங்கள் வீட்டில் அப்படியொன்று கிடையாது. கதவு, ஜன்னல், சுவர் எல்லாம் ஒற்றுமையாகச் சாய்ந்திருந்தன. வீட்டைக் கட்டிய கொளஞ்சி மேஸ்திரி எதிர்வீடுதான். அப்பா அவரோடு பேசிப் பதினோரு வருடம்.

அக்காவே போய்க் கூப்பிட்டாள். மேஸ்திரி தன் வாசலில் ஸ்டூல் போட்டு ஏறி, தூக்குக்குண்டு கட்டிய நூலைப் பிடித்து நின்றார். எங்கள் வாசலிலிருந்து துப்பாக்கி அவரைப் பார்த்தது.

"காத்து அடைக்கல மேஸ்திரி, பயப்படாதீங்க!" என்றேன்.

"உங்கப்பா தொடாம இருந்தா சரி தம்பி."

நூல் ஆடி அடங்கியதும் அக்கா கோட்டை அதோடு பொருத்தித் திருகாணியை இறுக்கினாள். பிறகு அப்பா வந்து ஸ்கோப்பில் கண் வைத்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"மேஸ்திரிக்கு ரொம்ப நன்றின்னு சொல்லுடா" என்றார் என்னிடம்.

"எனக்குத் தொண்டை கட்டியிருக்குப்பா. நீங்களே சொல்லிடுங்க."

எதிரே மேஸ்திரி இன்னும் நூலை விடாமல் நின்றுகொண்டிருந்தார்.