முயலுக்குக் கேரட் கிடையாது

அந்தக் காய்கறிக் கடைக்காரருக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் 'தராசு'. முள் ஒரு நூல் சாய்ந்தால் போதும், தட்டிலிருந்து ஒரு பீன்ஸை எடுத்துப் பாதியாக ஒடித்து, ஒரு துண்டைத் திரும்பக் கூடையில் எறிவார்.

இந்தக் கஞ்ச மகாபிரபுவிடம் போயா சும்மா கேட்பது என்று அவள் கடையைத் தாண்டிப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் தாண்டிப் போனாள். இடுப்பில் கைக்குழந்தை.

கர்ப்பமாக இருந்தபோது ஏறிய சர்க்கரை, குழந்தை பிறந்த பிறகும் இறங்கவில்லை. சோறு, ரொட்டி, கிழங்கு எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டு காயும் கீரையும் முட்டையுமாகச் சாப்பிடு, அடுத்த பரிசோதனையிலும் இறங்கவில்லை என்றால் ஊசிதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

அவர் சொல்லிவிட்டார். வயிற்றை நிரப்பச் சோற்றைவிட மலிவாக என்ன இருக்கிறது? கணவனுக்கு மில்லில் பாதி நாள்தான் வேலை. பால் பவுடர் டப்பா ஒன்று வாங்கியதுமே பர்ஸ் வாயைப் பிளந்துவிடும். சர்க்கரை கண்ணைத் தின்றுவிடும் என்று யாரோ சொன்னதிலிருந்து, கண்ணை மூடிக்கொண்டு குழந்தையின் முகத்தைத் தடவிப் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கடைக்குள் நுழைந்தேவிட்டாள். கடைக்காரருக்குப் பின்னால் ஒரு கூடை நிறையக் காலிஃபிளவர் இலையும் தண்டும், முட்டைக்கோஸின் மேல் இதழ்களும் கிடந்தன.

"அண்ணே, அந்த இலையெல்லாம் சும்மாதானே கிடக்கு?"

"ஏன்?"

உண்மை தொண்டை வரைக்கும் வந்து, வெட்கப்பட்டுத் திரும்பிப் போய்விட்டது.

"வீட்ல முயல் வளர்க்கிறோம்."

சொத்தைக் கத்திரிக்காயைப் பார்ப்பதுபோல் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எத்தனை?"

"ஒண்ணே ஒண்ணுதான்."

இரண்டு கையாலும் அள்ளிப் பையில் போட்டார். அந்தச் சந்தோஷத்தில் அவள் வாய் நிற்கவில்லை. "புழு இல்லாமப் பார்த்துப் போடுங்க அண்ணே. உப்புத் தண்ணியில அலசினாலும் சிலது போகவே மாட்டேங்குது."

அவர் ஓட்டை விழுந்த இரண்டு இலைகளைப் பொறுக்கி வெளியே எறிந்தார்.

அன்றிலிருந்து முயலுக்கு யோகம். தண்டைத் துருவி வேகவைத்தால், கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிறவரை சோறுதான். நாளாக ஆக, பையில் வளைந்த வெள்ளரிக்காயும் வாடிய கீரைக்கட்டும் சேர்ந்துகொண்டன. ஒரு தடவை உருளைக்கிழங்கையும் போட்டார்; முயலுக்குக் கிழங்கு ஆகாது என்று அவள் எடுத்து வைத்துவிட்டாள்.

"முயல் ஒழுங்கா சாப்பிடுதா?" என்பார்.

"சாப்பிடுது அண்ணே."

"முதல்ல மூஞ்சியைச் சுளிக்கும். போகப் போகப் பழகிடும்."

ஒருநாள் உடைந்த கேரட்டுகள் ஒரு ஓரமாகக் குவிந்திருந்தன. அவள் கை தானாக நீண்டது.

"கேரட் கிடையாது" என்றார் தராசு.

"முயலுக்குத்தானே அண்ணே?"

"அதனாலதான். இலை போதும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குப்பை என்றால் கை நிறைய, விலை போகிற பொருள் என்றால் கை மூடிக்கொள்கிறது. கேரட் தின்னாத முயல் உலகத்தில் உண்டா? வீட்டுக்குப் போய்க் கணவனிடம் பொரிந்து தள்ளினாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். இல்லாத முயலுக்குக் கேரட் கிடைக்கவில்லை என்று இவ்வளவு கோபப்படுகிற ஆளை அவன் இப்போதுதான் பார்க்கிறானாம்.

வம்பு அதோடு போகவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரி அக்கா ஒருநாள் கடையில் பிடித்துக்கொண்டாள். முயலைப் பார்க்க வேண்டும் என்று மகள் ஒரே பிடிவாதமாம், சாயந்திரம் கூட்டிக்கொண்டு வருகிறாளாம்.

"அது... கடிக்கும்க்கா."

"முயலா கடிக்கும்?"

அவள் பையின் வாயை முடிச்சுப் போட ஆரம்பித்தாள். தராசு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "அந்த முயலுக்குப் பயம் ஜாஸ்தி. பயந்தா சாப்பிடாது. விடும்மா."

பரிசோதனை முடிவு வந்தது. சர்க்கரை இறங்கியிருந்தது. என்ன சாப்பிட்டாயோ அதையே விடாமல் சாப்பிடு என்றார் டாக்டரம்மா. அவள் ஆஸ்பத்திரி வாசலிலேயே குழந்தையை முத்தமிட்டாள், இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு.

பொய் என்பது எண்ணெய் போடாத கதவு, என்றைக்காவது கிறீச்சிடத்தான் செய்யும். இன்றைக்கே உண்மையைச் சொல்லிவிடுவது என்று கடைக்குப் போனாள். வாயைத் திறப்பதற்குள் தராசு ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார்.

"கீறல் விட்ட முட்டை. பக்கத்துக் கடைக்காரன் கொடுத்தான். இன்னிக்கே வேகவச்சிடு."

பழக்க தோஷம், உண்மைக்குப் பதில் முயல்தான் முந்திக்கொண்டது. "முயல் முட்டை சாப்பிடாது அண்ணே."

"உப்புத் தண்ணியில அலசின இலையைச் சாப்பிடற முயல், முட்டை சாப்பிடாதா?"

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "அண்ணே, நான் வந்து..."

அவர் காதில் வாங்காமல் அந்தக் கூடையை இழுத்தார். இலைகளை இரண்டு பைகளில் பங்கு பிரித்து, தட்டுக்கு ஒன்றாக வைத்துத் தராசைத் தூக்கினார். முள் அவள் பையின் பக்கம் நன்றாகவே சாய்ந்தது. பீன்ஸை ஒடிக்கிற கை அன்றைக்கு எதையும் ஒடிக்கவில்லை. அவள் பையை எடுத்து நீட்டினார்.

"அந்தப் பை யாருக்கு அண்ணே?"

தராசு முதல் தடவையாகச் சிரித்தார்.

"எங்க வீட்டு முயலுக்கும்மா. கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து அவளுக்குக் கேரட்டுன்னா உயிரு. சர்க்கரை வந்ததும் டாக்டர்தான் தொடவே கூடாதுன்னுட்டார்."