மணலுக்கு அடியில்

வறண்ட ஆற்று மணலில் யானைக் கூட்டம் தண்ணீர் தேடி நடந்தது. தலைவி யானையின் முதுகில் உட்கார்ந்திருந்த கொக்குக்கு வாய் ஓயவில்லை.

“அக்கா, கரையில விளாம்பழம் உதிர்ந்து கிடக்கு. குரங்கு உன்னைக் கிண்டல் பண்ணுது. பின்னால ரெண்டு பேருக்குச் சண்டை, வந்து என்னன்னு கேளு!”

யானை திரும்பவே இல்லை; ஆற்றின் வளைவைத் தாண்டி நடந்தது. தாகத்தில் குட்டி தள்ளாடியது. ‘இவளுக்குக் காது மந்தம். இவளை நம்பி இத்தனை பேரா!’ என்று கொக்கு நொந்துகொண்டது.

ஓரிடத்தில் யானை சட்டென்று நின்று முன்காலால் மணலைத் தோண்டியது. குழிக்குள் தண்ணீர் மெல்ல ஊறி, வானத்தைக் காட்டியது. குட்டி முதலில் குடித்தது.

கொக்கு குழியை எட்டிப் பார்த்தது. “எப்படிக்கா கண்டுபிடிச்ச?”

“அடியில ஓடுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே வந்தேன்.”

“அப்ப நான் பேசினது?”

“அதுவும் கேட்டுச்சு. உன் பேச்சு இல்லைன்னா, அந்த வளைவுலயே தண்ணிச் சத்தம் கேட்டு நின்னிருப்பேன்.”