குவியாடியில் தெரிந்தவள்

மூலையில் தொங்கிய வட்டக் கண்ணாடியில் கார்குழலி சுண்டுவிரல் அளவுக்குத்தான் தெரிந்தாள். ஆனாலும் அவள் பால்பவுடர் டப்பாவை எடுத்துத் தன் பைக்குள் வைத்ததை, பில் போடும் இடத்திலிருந்த ஜெயம் தெளிவாகவே பார்த்தாள்.

வைப்பதற்கு முன் கார்குழலி ஒருமுறை நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் இருவர் கண்ணும் சந்தித்துக்கொண்டது போலிருந்தது. இவ்வளவு சின்ன உருவத்தில் கண் எங்கே தெரியப்போகிறது என்று ஜெயம் நினைத்துக்கொண்டாள்.

முத்தியால்பேட்டையில் இருந்த அந்தக் கடையில் இரண்டு மாதமாகவே சரக்கு குறைந்துகொண்டு வந்தது. அதனால்தான் முதலாளி லூர்துபிரகாஷ் அந்தக் குவியாடியை வாங்கி மாட்டினார்.

"சாதாக் கண்ணாடின்னா ஒரு வரிசைதான் தெரியும். இது வயிறு முன்னால தள்ளுன கண்ணாடி. உருவம் சிறுசாத் தெரிஞ்சாலும் கடை முழுக்க இதுக்குள்ள வந்துடும்" என்று அன்றைக்கே கடையில் வேலை செய்யும் இவர்கள் இருவருக்கும் விளக்கியிருந்தார்.

ஜெயத்துக்கு நெஞ்சு எரிந்தது. வேலையில்லாமல் நின்ற கார்குழலியை, 'என் தங்கச்சி மாதிரி சார்' என்று சொல்லிச் சேர்த்துவிட்டதே அவள்தான். கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று எழுந்தாள். கார்குழலியின் எட்டு மாதக் குழந்தை ஞாபகத்துக்கு வந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

மதியம் முதலாளி அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டார்.

"அரியாங்குப்பத்துல தொறக்கிற கடைக்கு ஒரு சூப்பர்வைசர் வேணும் ஜெயம். ஒன்பது வருசமா இருக்கிற, உன்னத்தான் நெனச்சிருந்தேன்." சரக்கு நோட்டைப் புரட்டினார். "காலையில பால்பவுடர் டப்பா ஒண்ணு கொறையுது. கண்ணாடியில ஏதாச்சும் பாத்தியா?"

"இல்ல சார்."

"நல்லா யோசிச்சு சொல்லு."

"யாரும் எடுக்கல சார். அடுக்கும்போது நான்தான் எண்ணிக்கையில தப்பு விட்டிருப்பேன்."

அவர் கதவுப் பக்கம் திரும்பி, "உள்ள வாம்மா" என்றார்.

கார்குழலி வந்தாள். பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். தப்பை ஒப்புக்கொள்ள வந்துவிட்டாளோ என்று பதறிப்போய் ஜெயம் அவள் கையைப் பிடித்தாள்.

கார்குழலி கையை விடுவித்துக்கொண்டாள்.

"நீங்க எடுக்கச் சொன்னப்பவே நான் சொன்னேன்ல சார், பாத்தாலும் அக்கா சொல்லமாட்டாங்கன்னு."